கரடிக்குத் தொப்பி வேண்டும்

லத்தீன் சார் அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது தலை கறுப்பு. இப்போது வெள்ளை. இடையில் நடந்ததெல்லாம் லத்தீன். ஆனால் லத்தீனில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க அவருக்குத் தெரியாது. இது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் அவருடைய சாமர்த்தியம் அல்ல. பள்ளியில் வேறு யாருக்கும் லத்தீன் தெரியாது. கேட்டிருந்தாலும் யாரும் தண்ணீர் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

அவருடைய வகுப்பு மாடி நடையின் கோடியில் இருந்தது. ஒரு காலத்தில் அது வேதியியல் கூடம். அதன் அடையாளமாக மூலையில் ஒரு கைகழுவும் தொட்டி, குழாய் இல்லாமல். ஜன்னல்களில் ஒன்று திறக்காது, இன்னொன்று மூடாது. சுவர் முழுக்க வாய்பாட்டு அட்டைகள். உள்ளே வந்ததும் குச்சியால் ஓர் அட்டையைத் தட்டுவார். பிள்ளைகள் ஓதுவார்கள். "மென்சா, மென்சா, மென்சம், மென்சை, மென்சை, மென்சா." மென்சா என்றால் மேசை. மேசை, மேசையே, மேசையை, மேசையின், மேசைக்கு, மேசையால். அந்த மேசையில் ஒருநாளும் ஒருவரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ஓதி முடித்ததும் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம். படைத்தலைவன் ஆற்றைக் கடந்து ஊரைக் கொளுத்துவான். எந்த ஊர், ஏன் கொளுத்தினான் என்று யாரும் கேட்டதில்லை. வினைச்சொல்லைக் கண்டுபிடித்தால் மார்க் உண்டு. ஊர் எரிந்து முடிவதற்குள் மணி அடித்துவிடும்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கல்லறை.

"அடுத்த பீரியட் என்னடா?"

"கல்லறை."

அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கல்லறைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதன்மேல் ஏறி யாரும் விளையாட மாட்டார்கள்.

ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். யாரையாவது வேலையைவிட்டு நகர்த்தும்போது மட்டும் அதை எடுத்து மூக்கில் வைப்பார். இப்போது மூக்கில் இருந்தது.

"உட்காருங்க சார். இந்த வருஷம் லத்தீனுக்கு ஆள் எப்படி?"

"கொஞ்சம் குறைவுதான் மேடம்."

"அந்தப் பக்கமா போனப்போ எட்டிப் பார்த்தேன். ஆளைவிட அட்டை அதிகமா இருக்கு."

அவர் சிரித்துவைத்தார்.

"அந்த ரூம் ரோபோ வகுப்புக்கு வேணும். பெத்தவங்க ரோபோ ரோபோன்னு உயிரை வாங்கறாங்க. அதுக்காக உங்களை விட்டுடுவோமா? பஸ் பொறுப்பு இருக்கு." இழுப்பறையைத் திறந்து நீலக் கயிறு கட்டிய விசில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "புதுசு. உறைகூடப் பிரிக்கல."

பஸ் பொறுப்பு என்றால் என்னவென்று லத்தீன் சாருக்குத் தெரியும். ஓவிய வகுப்பை எடுத்தபோது ஓவிய சாரை அதற்குத்தான் அனுப்பினார்கள். தினமும் சாயங்காலம் முன் கேட்டில் நின்று, கண்ணில் மண்ணோடு, பஸ்களை முன்னே பின்னே விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கை அசைவில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஓவியம் மிச்சம்.

"முன் கேட்லதான் அவர் இருக்காரே மேடம்."

"பின் கேட் காலியா இருக்கு சார்."

கொஞ்சம் இரக்கப்பட்டு, கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ பயிற்சி வந்திருக்கிறது, லத்தீனைப் புது முறையில் நடத்துவதாம். போய்வரட்டும். அடுத்த வருஷம் பெஞ்சு நிறைந்தால் அறை அவருக்கு. இல்லையென்றால் பின் கேட். விசில் இழுப்பறைக்குள் திரும்பப் போனது. இழுப்பறையைப் பூட்டவில்லை என்பதை லத்தீன் சார் கவனித்தார்.

வீட்டில் சொன்னார். அவர் மனைவி பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். வலியோடு வருகிறவர்களைக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

"பின் கேட்ல நிழல் இருக்கா?" என்றாள்.

அவள் அண்ணன் அப்போது வந்திருந்தான். குளியலறை டைல்ஸ் விற்பவன். எந்த வீட்டுக்குப் போனாலும் தரையைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பான்.

"விசிலையும் லத்தீன்லயே ஊதுங்க மாப்பிள்ளை. டிரைவருக்குப் புரியலேன்னா அட்டையைத் தட்டிக் காட்டுங்க."

"நீ சும்மா இருண்ணா. இந்த வயசுல இவரை வேற எவன் எடுப்பான்?" என்று மனைவி பரிந்து பேசினாள். அண்ணனுடைய கேலியைவிட அதுதான் சுருக்கென்றது.

பயிற்சி ஒரு விளையாட்டு அரங்கில் நடந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், ஒளிந்துகொள்ளப் பின்வரிசை இல்லாதபடி. பயிற்சி கொடுக்க வந்தவள் ஓட்டப்பந்தய ஷூ போட்ட இளம்பெண். வந்ததும் லத்தீனில் பேச ஆரம்பித்தாள். லத்தீனிலேயே பேசிக்கொண்டும் போனாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே தூக்கி, "சுர்கிதே" என்றாள்.

லத்தீன் சார் யோசித்தார். இது ஏவல். பன்மை. எந்த அட்டை? மூன்றாவது அட்டை, கீழிருந்து இரண்டாவது வரி. பொருள்: எழுந்திருங்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்கள் எழுந்து, கைதட்டி, திரும்ப உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவர் அப்போது எழுந்தார்.

பிறகு ஒரு காது பிய்ந்த பொம்மைக் கரடி வந்தது. உர்சுஸ் என்றால் கரடி. கரடிக்குத் தொப்பி வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் அவள் அதை விடுவதாக இல்லை. கரடிக்குத் தொப்பி வேண்டுமா? வேண்டும். தொப்பி வேண்டுமா, செருப்பு வேண்டுமா? தொப்பி. பாம்புக்கா தொப்பி வேண்டும்? ஐயோ, இல்லை. அப்படியானால் யாருக்குத் தொப்பி வேண்டும்? எல்லாம் லத்தீனில். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சாடை. கரடி என்றால் காதருகே இரண்டு நகக்கைகள். வேண்டும் என்றால் காற்றைப் பிடித்து நெஞ்சுக்கு இழுப்பது. படித்து வேலைக்கு வந்த பெரியவர்கள் ஓர் அரங்கு நிறைய உட்கார்ந்து காதருகே நகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் லத்தீன் சாருக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் எரிச்சல்.

அதற்கடுத்த நாள் கரடிக்குத் தொப்பி கிடைத்துவிட்டது. கரடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. லத்தீன் சார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபிறகுதான் உறைத்தது: அவள் சொன்னது லத்தீன். நடுவில் அவர் எந்த அட்டைக்கும் போய்வரவில்லை.

வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினார். சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் குழாயை ஓங்கி மூடினார்.

பயிற்சியின் முடிவில் அந்தப் பெண் சில விதிகளைச் சொன்னாள். கொஞ்சம் சொற்கள் போதும், திரும்பத் திரும்பக் கேளுங்கள். இலக்கணத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் தப்பு பிள்ளைமேல் இல்லை. கடைசி விதியைக் கேட்டபோது லத்தீன் சாருக்குத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுவதுபோல இருந்தது.

புதிதாக மதம் மாறியவனைப்போல வீட்டுக்கு வந்தார். மனைவி டீ கொண்டுவந்தாள்.

"டீ சூடா இருக்கா?"

"இருக்கு."

"சூடா இருக்கா, ஆறிப்போச்சா?"

"சூடாத்தான் இருக்கு. குடிங்க."

"ஆறிப்போச்சா?"

"இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா ஆறாம என்ன செய்யும்?"

"யாரோட டீ ஆறிப்போச்சு?"

"கிறுக்குப் பிடிச்ச மனுஷனோட டீ ஆறிப்போச்சு."

"பிரமாதம்!" என்றார். முழு வாக்கியத்தில் பதில் வருவது அந்த முறையில் பெரிய வெற்றி.

அண்ணன்காரன் தரையிலிருந்து பார்வையை எடுத்தான். "கரடி விடறதுக்கெல்லாம் பயிற்சி வச்சிருக்காங்களா மாப்பிள்ளை? என் கடைப் பசங்க பயிற்சி இல்லாமலே விடறாங்க."

பள்ளி திறந்தது. லத்தீன் சார் அட்டைகளைக் கழற்றிச் சுருட்டித் தண்ணீரில்லாத தொட்டிக்குள் போட்டார். கடையில் வாங்கிய பொம்மைக் கரடியை மேசைமேல் உட்காரவைத்தார். பிள்ளைகள் வந்தார்கள். அவர் காதருகே நகக்கைகளை வைத்து, "உர்சுஸ்" என்றார். வகுப்பு மூச்சு விடவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெல்ல, "கல்லறை ஆடுதுடா" என்றது.

அன்று அவர் காற்றிலிருந்து என்னென்னவோ பிடித்து நெஞ்சுக்கு இழுத்தார். சட்டை நனைந்துவிட்டது. கரடிக்குத் தொப்பி வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கிய சமயம், கண்ணாடி போட்ட ஒரு பெண் கை தூக்கினாள். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வதால் அவளுக்குப் பள்ளியில் வக்கீல் என்று பெயர்.

"சார், ஏன்னு கேக்கறதுக்கு லத்தீன்ல என்ன?"

"கூர்." உள்ளங்கைகளை விரித்துச் சாடையும் காட்டினார்.

வக்கீல் உள்ளங்கைகளை விரித்தாள். "கூர்?"

கரடிக்கு ஏன் தொப்பி? அவருக்குத் தெரியவில்லை. அந்த அறையில் எத்தனையோ ஊர்கள் எரிந்திருக்கின்றன. ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் கரடியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். வக்கீலே பரிதாபப்பட்டு, தன் இரண்டு காதுகளையும் பொத்தி நடுங்கிக் காட்டினாள். கரடிக்குக் காது குளிர்கிறது. வகுப்பு சிரித்தது. வழக்கு தீர்ந்தது.

அதன்பிறகு கரடியை யாராலும் நிறுத்த முடியவில்லை. தொப்பி ஒரு ராணியிடம் இருந்தது. ராணி என்றால் தலையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம். அந்த ராணி எதைக் கேட்டாலும் இடமில்லை என்பாள். அவள் கழுத்தில் ஏதோ சங்கிலி தொங்கியது. அது யாரென்று லத்தீன் சார் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வக்கீல்கூடக் கேட்கவில்லை. கரடிக்கு ஒரு நடை வேண்டியிருந்தது. கணக்கு சார் நடக்கும்போது ஒரு தோள் முன்னால் போகும், மற்றது யோசித்துவிட்டுப் பின்னால் வரும். லத்தீன் சார் ஒருநாள் கரடியை அப்படி நடக்கவைத்தார். வகுப்பு பெஞ்சைக் குத்திச் சிரித்தது. ஆயுளில் அவர் ஒரு வகுப்பைச் சிரிக்கவைத்ததில்லை. போதை தலைக்கேறிவிட்டது. மறுநாளும் நடந்தார். அதற்கு மறுநாள் யாரும் கேட்காமலே நடந்தார்.

கல்லறை போய்க் கரடி சார் என்று பெயர் வந்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். மூடாத ஜன்னல் அப்போதுதான் முதல்முறையாகப் பயன்பட்டது. லத்தீனுக்குப் பெயர் கொடுக்க வரிசை நின்றது. தலைமையாசிரியை ஒருநாள் நடையில் நிறுத்தி, "என்ன மாயம் பண்ணினீங்க சார்?" என்றார். கண்ணாடி கழுத்தில் தொங்கியது. லத்தீன் சார் அதைப் பார்த்து நிம்மதிப்பட்டு, அடுத்த கணம் ராணியின் சங்கிலி நினைவுக்கு வந்து, தரையைப் பார்த்தார்.

அவர் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பிள்ளைகள் லத்தீன் பேச ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில், மைதானத்தில், பஸ்ஸில். பேசினால் மற்றவர்களுக்குப் புரியவில்லை. இதைவிட நல்ல பாஷை பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? கணக்கு சார் கரும்பலகைப் பக்கம் திரும்புவார். யாரோ மூன்று சொல் சொல்வார்கள். வரிசை முழுக்கக் குலுங்கும். திரும்பிப் பார்ப்பார். எல்லா முகமும் பளிங்கு.

"உங்க பசங்க என்ன சார் பேசிக்கறாங்க?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்.

"பாடம்தான் சார்."

"பாடத்துல எதுக்கு சார் இவ்வளவு சிரிப்பு?"

லத்தீன் சார் டீயில் இல்லாத தூசியை எடுத்தார்.

பிறகு கணக்குப் பரீட்சை வந்தது. மேற்பார்வைக்குத் தலைமையாசிரியையே வந்து நின்றார். கேள்வித்தாள் கொடுத்ததும் வக்கீல் எழுந்தாள்.

"மேடம், நாங்க லத்தீன் மாணவர்கள். எழுதறதுக்கு முன்னாடி லத்தீன்ல ஒரு பிரார்த்தனை சொல்லிக்கலாமா?"

மேடத்துக்கு நெஞ்சு உருகிவிட்டது. கேள்வித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டே வக்கீல் ஒரு வரி சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கம்பீரமாகப் பதில் சொன்னான். அவள் அடுத்த வரி. அவன் அடுத்த பதில். மற்ற லத்தீன் பிள்ளைகள் பக்தியோடு குனிந்து எழுதிக்கொண்டார்கள். அவள் கேள்விகளைப் படித்தாள், அவன் விடைகளைச் சொன்னான். கரடியின் தொப்பிகளை எண்ணி எண்ணிக் கற்ற எண்கள். தலைமையாசிரியை கண்ணை மூடி, கைகளைக் கோத்து, அது முடியும்வரை நின்றார். அன்று மதியம் ஆசிரியர் அறையில், "என்ன ஒரு ஒலி! எனக்குச் சிலிர்த்துப்போச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார்.

கணக்கு சார் தாள் திருத்த உட்கார்ந்தார். லத்தீன் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். அதைக்கூட விட்டிருப்பார். எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். அந்தக் கம்பீரமான பையனுக்குக் கணக்கு வராது.

தலைமையாசிரியையின் அறையில் விசாரணை. கண்ணாடி மூக்கில் இருந்தது. விசில் மேசைமேல் இருந்தது. ஒரு பக்கம் கணக்கு சார், ஒரு தோள் முன்னால். இன்னொரு பக்கம் லத்தீன் சார். நடுவில் வக்கீல்.

"என்னைக் கண்ணை மூடிக்கிட்டு நிக்க வச்சிட்டாங்க சார்," என்றார் தலைமையாசிரியை. காப்பி அடித்தது அவருக்கு இரண்டாம்பட்சம். "செத்த மொழின்னு நம்பித்தானே இத்தனை வருஷம் இடம் குடுத்தோம்? அது எழுந்து உட்கார்ந்து பேசும்னு யார் கண்டா?"

"செத்ததை எழுப்பிவிட்டவரையே கேளுங்க மேடம்," என்றார் கணக்கு சார்.

"உர்சுஸ்னா என்ன?" என்று தலைமையாசிரியை வக்கீலிடம் கேட்டார். "கணக்கு சார் வகுப்புல அடிக்கடி அந்த வார்த்தைதான் வருதாம்."

வக்கீல் அவருக்குப் பதில் சொல்லவில்லை. லத்தீன் சார் பக்கம் திரும்பினாள். அமைதியாக, தெளிவாக, நல்ல லத்தீனில் பேசினாள். கரடிக்கு இந்த நடையைக் கொடுத்தது யார்? நாங்களா, நீங்களா? ராணியின் கழுத்தில் சங்கிலியை மாட்டியது யார்? நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா? அவள் ஒரு சொல்லைக்கூடத் தடுக்கி விழவில்லை. இவ்வளவு நீளமாக அவள் லத்தீன் பேசி அவர் கேட்டதில்லை. ஒரு கணம் அவருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் மேசைமேல் இருந்த விசில் கண்ணில் பட்டது.

"என்ன சொல்றா?" என்றார் தலைமையாசிரியை.

அறையில் லத்தீன் தெரிந்த பெரியவர் லத்தீன் சார் ஒருவர்தான். இத்தனை வருஷம் அவரைக் காப்பாற்றிய அதே வசதி.

"மன்னிப்பு கேக்கறா மேடம்."

கணக்கு சார் புருவத்தைத் தூக்கினார். "இவ்வளவு நீளமாவா?"

"லத்தீன்ல மன்னிப்பு கொஞ்சம் நீளம் சார்."

வக்கீல் அவரையே பார்த்தாள். உள்ளங்கைகளை விரித்து, "கூர்?" என்றாள்.

"இப்போ என்ன?"

"நன்றி சொல்றா மேடம்."

மறுபரீட்சை எழுத வேண்டும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். தலைமையாசிரியை விசிலை விரலால் உருட்டினார். லத்தீன் பாடத்தை எடுத்துவிட முடியாது. பெற்றோர்களுக்கு லத்தீன் பிடித்துப்போய்விட்டது. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறதாம்.

"அதனால லத்தீன் இருக்கட்டும். படிக்கலாம், எழுதலாம், மார்க் வாங்கலாம். பேசக் கூடாது. புரியற மாதிரி நடத்தவே கூடாது. முன்னாடி எப்படி இருந்துதோ அப்படி. நாளைக்கு நானே வந்து வகுப்பு வாசல்ல நிப்பேன். எனக்கு ஒரு வார்த்தை புரிஞ்சாலும் பின் கேட்தான். புரியுதா சார்?"

"புரியுது மேடம்," என்றார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். பொய்யாக மொழிபெயர்த்ததையும் சொன்னார். மனைவி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு வேலை வேணுமா?"

"வேணும்."

"வேலை வேணுமா, கரடி வேணுமா?"

"என்னடி இது?"

"பதில் சொல்லுங்க. வேலையா, கரடியா?"

"வேலை."

"கரடியா நமக்குச் சோறு போடுது?"

"இல்லை."

"யார் சோறு போடறா?"

அவர் தட்டில் விரலால் கோடு இழுத்தார். இந்த முறை இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று பயிற்சியில்கூட யாரும் சொல்லவில்லை.

"முழு வாக்கியமா சொல்லுங்க," என்றாள் அவள்.

மறுநாள் அவர் சீக்கிரமே போய்த் தொட்டியிலிருந்து அட்டைகளை எடுத்தார். சுருண்டு கிடந்தவை விரிய மறுத்தன. ஆணியடித்து நேராக்கினார். கரடியை எடுத்துத் தொட்டிக்குள் போட்டார். தலைகீழாக விழுந்தது. நிமிர்த்தி வைத்தார். வழியில் ஒரு தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தார் என்றெல்லாம் இல்லை. உண்மையில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. அட்டையைத் தட்டினால் போதும், சட்டை நனையாது.

பிள்ளைகள் வந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். வக்கீல் தொட்டியைப் பார்த்தாள். விளிம்புக்குமேல் இரண்டு காது தெரிந்தது. வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார், பின்னால் கணக்கு சார்.

லத்தீன் சார் குச்சியால் அட்டையைத் தட்டினார். "மென்சா."

"மென்சா, மென்சா, மென்சம்," என்றது வகுப்பு. பழைய செருப்பில் கால் நுழைவதுபோல எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. "மென்சை, மென்சை, மென்சா." தலைமையாசிரியையின் முகம் தெளிந்தது.

அப்போது முன் பெஞ்சில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். லத்தீன் சார் பார்த்தார். எல்லோரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் பார்த்தார். குச்சி மேசைமேல் கிடந்தது. இரண்டு கைகளும் காதருகே நகம் விரித்து நின்றன.

கீழே இறக்கினார். "மென்சா, மென்சா, மென்சம்." கைகள் மேலே வந்தன. மாதக்கணக்கில் வாய் திறந்தபோதெல்லாம் கையும் பேசிப் பழகிவிட்டது. இப்போது வாய் மட்டும் தனியாகப் போக, கைக்கு அது சம்மதமில்லை. கரடி. காற்றைப் பிடித்து நெஞ்சுக்கு இழுத்தது கை. வேண்டும். தலையில் கவிழ்த்தது. தொப்பி. வாய் மேசை மேசை என்று ஓத, கை கதை சொல்லிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது. பிள்ளைகள் கூரை அதிர ஓதினார்கள். ஓதிக்கொண்டே கையால் பதில் சொன்னார்கள். தொப்பியா, செருப்பா? தொப்பி. யாருக்கு? எல்லா பெஞ்சிலும் நகக்கைகள் எழுந்தன.

"அது என்ன சார், கை?" என்றார் தலைமையாசிரியை.

"தாளம் மேடம். வாய்பாடு மனசுல நிக்கும்."

"தொப்பி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டது கை. வகுப்பு மொத்தமும் வாசல் பக்கம் திரும்பி, விரலால் தலையைச் சுற்றி வட்டம் போட்டது.

தலைமையாசிரியை அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார். அத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் அவருக்கு அப்படி வணக்கம் சொன்னதில்லை. மரியாதைக்கு அவரும் விரலை உயர்த்தித் தன் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். நிதானமாக, முழு வட்டம். கழுத்துச் சங்கிலி அசைந்தது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எவ்வளவு நல்ல வகுப்பு அது!

"இப்பதான் சார் லத்தீன் மாதிரி இருக்கு," என்றார். "ஒரு எழவும் புரியல."

கணக்கு சார் மட்டும் போகாமல் பிள்ளைகளின் கைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு தோளை அனுப்பி, மற்றதைக் கூட்டிக்கொண்டு போனார்.

இன்றும் அந்த வகுப்பு அப்படித்தான் நடக்கிறது. வாய் மேசையை ஓதும், கை கரடியை நடத்தும். பேரரசுகள் பேசிய பாஷையைச் சத்தமே இல்லாத பாஷையாக்கிய பெருமை லத்தீன் சாரைத்தான் சேரும். மார்க்குகள் நன்றாக வருகின்றன. பின் கேட்டில் இன்னும் ஆள் போடவில்லை. விசில் இழுப்பறையில் இருக்கிறது, பூட்டாமல்.

அன்று தலைமையாசிரியையும் கணக்கு சாரும் நடையைத் தாண்டும்வரை ஓதல் நிற்கவில்லை. ஓதிக்கொண்டே வக்கீல் அவரைப் பார்த்து உள்ளங்கைகளை விரித்தாள். ஏன்? முந்தின நாள் தலைமையாசிரியையின் அறையில் பதில் வராமல் போன அதே கேள்வி.

லத்தீன் சார் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். லேசாக நடுங்கியும் காட்டினார். அதில் எவ்வளவு நடிப்பு என்று அவருக்கே தெரியாது.

நடையின் கோடியில் திரும்பிப் பார்த்த தலைமையாசிரியை அங்கிருந்தே அதட்டினார். "போதும்பா, மெதுவா ஓதுங்க. சாருக்குக் காது அடைக்குது பாருங்க."

மென்சா, மென்சா, மென்சம் என்று வகுப்பு குரலைத் தாழ்த்தியது. வக்கீல் விரித்த கைகளை மூடவில்லை.